வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

நாமக்கல்லில் இருந்து ஓர் அப்பா எழுதியிருக்கிறார். மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டாள், வெளிநாட்டில் ஏ.ஐ. படிப்புக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று சொந்தக்காரர்கள் நெருக்குகிறார்கள், வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறார். கவலை புரிகிறது சார், ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்ப மனமில்லை. வைக்காதீர்கள். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கி சொத்துப் பிணை கேட்கும், படிக்கிற காலத்திலும் வட்டி ஏறும், வேலை தாமதமானால் அங்கே விசா கெடு, இங்கே தவணை. சொந்தக்காரர்கள் யாரும் அதைக் கட்ட வரமாட்டார்கள்.

நீங்கள் குறையாகச் சொன்ன ஒரு விஷயம்தான் என் கண்ணில் பட்டது. காலேஜ் ப்ராஜெக்ட்டில் மற்றவர்கள் டெமோ ஓடினால் போதும் என்றிருக்க, இவள் மட்டும் "சர்வர் பதில் தராவிட்டால் ஸ்கிரீன் என்ன ஆகும்?" என்று சண்டை போட்டாளாம். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே ஒரு வேலை இருக்கிறது சார்: வெப் பக்கம் சரியாக ஓடுகிறதா என்று கோட் எழுதிச் சோதிக்கும் டெஸ்டிங் வேலை.

பஸ் டிக்கெட் பக்கத்தில் சீட் பட்டியல் காட்டும் ஒரு காம்பொனென்ட்டை, அதாவது பக்கத்தின் ஒரு துண்டை, எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சோதிக்க நிஜ சர்வரை நம்ப முடியாது: தரவு தினம் மாறும், நாம் நினைத்த நேரத்தில் அது பழுதாகவும் செய்யாது. அதனால் மாக் சர்வீஸ் வொர்க்கர் போன்ற கருவி, பக்கத்திலிருந்து சர்வருக்குப் போகிற கோரிக்கையை வழியிலேயே மறித்து நாம் எழுதிவைத்த பதிலைக் கொடுக்கும். காம்பொனென்ட்டில் ஒரு வரி மாற்ற வேண்டாம். காலிப் பட்டியல் வந்தால் "சீட் இல்லை" என்று காட்டுகிறதா, சர்வர் பழுது என்று சொல்லும் 500 பிழை வந்தால் மறுபடி முயலும் பட்டன் இருக்கிறதா, பதில் தாமதமானால் பணம் கட்டும் பட்டன் பூட்டப்படுகிறதா (இல்லாவிட்டால் இரண்டு முறை பணம் போகும்) என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டெஸ்ட். ரியாக்ட் என்பது காம்பொனென்ட்டுகளாகப் பக்கம் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி; அதற்கான ரியாக்ட் டெஸ்டிங் லைப்ரரி இதையெல்லாம் பயனர் திரையில் பார்க்கிற எழுத்தையும் பட்டனையும் வைத்தே சரிபார்க்கச் சொல்லித்தரும். அப்புறம் ஒரு கண்ணி இருக்கிறது. சர்வர்காரர்கள் தங்கள் பதிலில் கட்டணத்துக்கு வைத்த 'ஃபேர்' என்ற பெயரை 'பிரைஸ்' என்று மாற்றினால், நம் போலிப் பதில் பழையதாகவே இருக்கும், டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டும், நிஜப் பக்கம் உடைந்திருக்கும். அதனால் முக்கியமான சில வழிகளையாவது நிஜ பிரவுசரைத் தானாக இயக்கும் பிளேரைட் என்ற கருவியைக் கொண்டு நிஜ சர்வரோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். எதை மாக் செய்வது (போலிப் பதில் வைப்பது), எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்த ஆளைத்தான் டீம்கள் விரும்பும்.

டெஸ்டிங் என்றால் மட்டம் என்று பேசுவார்கள். நான் சொல்வது கிளிக் செய்து எக்செல்லில் குறிக்கும் வேலை அல்ல, கோட் எழுதும் வேலை. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்கும் என்று உறுதி தரமாட்டேன். ஆனால் இந்தக் கருவிகள் அத்தனையும் இலவசம். ஒரு லேப்டாப்பும் நெட்டும் போதும். வேலை நிச்சயம் என்று சொல்லி லட்சங்கள் கேட்கும் இன்ஸ்டிட்யூட்டுக்கும் போகாதீர்கள்.

ஆறு மாதம் கொடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், வைடெஸ்ட் (டெஸ்ட்டுகளை ஓட்டும் கருவி) என்ற வரிசையில் படிக்கட்டும், நாலைந்து காம்பொனென்ட்டுகளை டெஸ்ட்டோடு, கோடை மற்றவர்கள் பார்க்க வைக்கும் தளமான கிட்ஹப்பில் போடட்டும். இதையும் அவளிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கடிதம் முழுக்க அவள் என்ன விரும்புகிறாள் என்று ஒரு வரி இல்லை. பெரியப்பா கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.