ஐந்து வயதுப் பிள்ளைக்கு வீட்டில் சின்ன ரயில் பாதை அமைப்பது எப்படி?

பினாங்கில் சின்ன ஃபிளாட், மகனுக்கு ஐந்து வயது, எந்த அளவு ரயில் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எச்ஓ (HO) என்ற மாடல் ரயில் அளவே எடுங்கள். நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். 9 மில்லிமீட்டர் தண்டவாளம் இடத்தை மிச்சப்படுத்தும்தான், ஆனால் அந்தப் பொடிச் சக்கரங்களை உட்கார வைப்பதற்குள் பிள்ளை அழுதுவிடும். 4 அடிக்கு 3 அடி பிளைவுட் பலகையில் ஒரு நீள்வட்டச் சுற்று அடங்கும், விளையாடி முடித்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

சுரங்கம் கட்டாயம் வேண்டும். சப்பாத்துப் பெட்டியின் இரு பக்கமும் வெட்டி, பச்சை பூசி, பினாங்கு மலை என்று பெயர் வையுங்கள். என் மகள் கன்னத்தைப் பலகையில் ஒட்டிக்கொண்டு, ரயில் வெளியே வரும் வரை கண் கொட்டாமல் பார்ப்பாள்.

அப்புறம், நம் ஊர் ஈரக் காற்றில் தண்டவாளத்தில் கறுப்புப் படிந்து, மின்சாரம் சரியாகப் பாயாமல் ரயில் திக்கித் திக்கி ஓடும், துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் சரி. அந்த ஆல்கஹாலையும் ரயிலின் மின்சார பிளக்கையும் பிள்ளையிடம் விடாதீர்கள்.