பைதன்3-ஐ மாற்றினேன், டேர்மினல் திறக்குதில்லை: உபுண்டு கேள்வி பதில்

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் பைதன், ஜாவா, நோட், பிஎச்பி ஆகிய நிரலாக்க மென்பொருள்களின் பதிப்புகளை மாற்றப்போய் மாட்டுப்பட்டவர்கள் கேட்டவற்றுக்கு ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழில் தந்திருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி: அண்ணா, உபுண்டு 22.04இல் பைதன் 3.12 போட்டு, ஒரு வீடியோவில் சொன்னபடி அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் (ஒரு கட்டளைக்கு எந்தப் பதிப்பு என்று தெரிவு செய்கிற கருவி) மூலம் பைதன்3 என்ற கட்டளையையும் அதற்கே மாற்றிவிட்டேன். இப்ப டேர்மினல் (கட்டளை அடிக்கிற சாளரம்) ஐகனை அமத்தினால் ஒன்றும் வருகுதில்லை. திரும்ப உபுண்டு போடவேணுமோ?

வேண்டாம் தம்பி, ஒன்றையும் அழிக்காதையும். 22.04 உடன் வருவது பைதன் 3.10. அதில் டேர்மினலைத் திறக்கிற கட்டளையே ஒரு சின்னப் பைதன் நிரல்தான், மென்பொருள் போடவும் நீக்கவும் பாவிக்கிற ஏபிடியோடு சேர்ந்த சில கருவிகளும் அப்படித்தான், அவற்றுக்குத் தேவையான தொகுதிகள் 3.10க்கென்றே கட்டப்பட்டவை என்பதால், பைதன்3 என்ற பெயரை நீர் 3.12 பக்கம் திருப்பியதும் அவை தங்கட தொகுதிகளைக் காணாமல் விழுந்துவிடும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அமத்தும், கறுப்புத் திரை வரும். லொகின் செய்துகொண்டு (சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓடவிடு என்று அர்த்தம்) முதலில் "சூடோ அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் --ரிமூவ்-ஆல் பைதன்3". இது அந்தப் பைதன்3 இணைப்பையே எடுத்துவிடும், பயப்பட வேண்டாம், உடனே "சூடோ எல்என் -எஸ்எஃப் பைதன்3.10 /யூஎஸ்ஆர்/பின்/பைதன்3" என்று அடித்தால் பழைய இணைப்பு திரும்பி வந்துவிடும். அப்புறம் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2.

கோபத்தில் பைதன்3-ஐயே ஏபிடியால் நீக்க வெளிக்கிடாதையும். அது கூட இழுத்துக்கொண்டு போகிற பட்டியலில் உம்முடைய டெஸ்க்டொப்பும் இருக்கும்.

அதே தம்பி: அப்ப 3.12-ஐ எப்படிப் பாவிக்கிறது?

முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடும், "பைதன்3.12" என்று. அதுவும் ஒவ்வொரு வேலைக்கும் தனி வென்வ் (அந்த வேலைக்கு மட்டுமான பைதன் சூழல்) ஒன்று உண்டாக்கி: "பைதன்3.12 -எம் வென்வ் சூழல்". வென்வ் பொதி இல்லை என்று கத்தினால் பைதன்3.12-வென்வ் என்பதைப் போடும். அந்தச் சூழலை அக்டிவேட் செய்த பிறகு பைதன் என்று சும்மா அடித்தாலே 3.12தான் வரும், வெளியே சிஸ்டம் தன்பாட்டில் 3.10இல் ஓடும். என்னைக் கேட்டால் சிஸ்டத்தின் பைதன் சிஸ்டத்துக்குத்தான், அதில் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

திருநெல்வேலி, கம்பஸ் தங்கச்சி: ஜாவா 11உம் 17உம் இருக்கு. அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் --கான்ஃபிக் ஜாவா கொடுத்து 11-ஐத் தெரிவு செய்தேன். கொம்பைல் ஆகுது, ஓடவிட்டால் "61.0" என்று ஏதோ பிழை.

ஓடவிடுகிற ஜாவாவை மாற்றினீர், கொம்பைல் பண்ணுகிற ஜாவாக்-ஐ மாற்றவில்லை. இரண்டுக்கும் ஆல்டர்னேட்டிவ்ஸில் தனித்தனி வரி. 61 என்பது ஜாவா 17 உண்டாக்கும் கிளாஸ் கோப்பின் எண், 11க்கு 55 வரைதான் விளங்கும். --கான்ஃபிக் ஜாவாக் கொடுத்து அதையும் 11க்குக் கொண்டுவாரும், பிறகு திரும்பக் கொம்பைல் பண்ணும். மேவன் என்ற கட்டும் கருவியைப் பாவிக்கிறீர் என்றால் ஜாவா_ஹோம் என்ற மாறி (இது மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்) எங்கே காட்டுது என்றும் பாரும், மேவன் அதைத்தான் முதலில் கேட்கும். பட்டியலில் ஆட்டோ என்று ஒரு வரி இருக்கிறதே, அதைத் தெரிவு செய்தால் முன்னுரிமை எண் கூடியது தானாக வரும். நாளைக்குப் புதிய ஜாவா ஒன்று போட்டால் அதற்குத் தாவினாலும் தாவும். ஜாவா விஷயத்தில் இந்தக் கருவி நல்லது, அதைப் பைதன்3க்குப் பாவிக்கச் சொல்கிறவர்களோடுதான் எனக்குக் கரைச்சல்.

சாவகச்சேரி, ஒரு ஆசிரியர்: பாடசாலை லாப்பில் 24.04 போட்டோம். பைதன் தொகுதிகள் போட பிப் இன்ஸ்டோல் கொடுத்தால் வெளியே நிர்வகிக்கப்படும் சூழல் என்று மறுக்கிறது. பிரேக்-சிஸ்டம்-பக்கேஜஸ் என்று சேர்த்தால் சரிவரும் என்கிறார்கள், செய்யலாமா?

செய்யாதீர்கள் சேர். பெயரே சொல்கிறது. ஏபிடி பார்த்துக்கொள்ளும் பைதனுக்குள் பிப் கைவைக்கக் கூடாது என்றுதான் அந்த மறுப்பு, டெபியன் 12இலும் அப்படித்தான். பிள்ளைகளுக்குக் கணக்குக்கான நம்பை, வரைபடத்துக்கான மட்பிளொட்லிப் போன்றவை போதும் என்றால் "ஏபிடி இன்ஸ்டோல் பைதன்3-நம்பை" என்று எல்லா மெஷினுக்கும் போட்டுவிடுங்கள், ஒருவரும் பிப்-ஐத் தொடத் தேவையில்லை. பதிப்பு கொஞ்சம் பழசாக இருக்கும், வகுப்புக்கு அது பெரிய விஷயமில்லை. புதுப் பதிப்பே வேணும் என்கிற பிள்ளைக்கு மட்டும் வென்வ் காட்டிக் கொடுங்கள்.

மானிப்பாய்: என்விஎம் (நோட் பதிப்புகளை மாற்றும் கருவி) மூலம் நோட் போட்டேன், சூடோ நோட் என்றால் கட்டளை இல்லை என்கிறது.

என்விஎம் உங்கட ஹோமுக்குள் இருக்கிறது, பாஷ்ஆர்சி என்ற தொடக்கக் கோப்பு வழியாகப் பாத்-இல், அதாவது கட்டளைகளைத் தேடும் இடப் பட்டியலில், ஏறுகிறது. சூடோ தனக்கென்று வேறு பாத் வைத்திருக்கிறது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓடவிடும் கிரொனும் அப்படியே, அதில் நோட்டின் முழுப் பாதையையும் எழுதுங்கள். சூடோ இல்லாமலே ஓடுமா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் ஓடும்.

பருத்தித்துறை: பைதன் என்று அடித்தால் இல்லையாம், பைதன்3 என்றால் மட்டும் வருது.

பைதன்-இஸ்-பைதன்3 என்று ஒரு பொதி இருக்கு, போடுங்கள். அவ்வளவுதான்.

சுன்னாகம்: பிஎச்பி-ஐ ஆல்டர்னேட்டிவ்ஸால் 8.1க்கு மாற்றினேன், டேர்மினலில் 8.1 காட்டுது, பிரவுசரில் இன்னும் 7.4.

நீங்கள் மாற்றியது டேர்மினல் பிஎச்பி மட்டும். வெப் சேர்வரான அப்பாச்சி தன்னுடைய மொடியூலை வைத்து ஓடுகிறது. லிப்அப்பாச்சி2-மொட்-பிஎச்பி8.1 போட்டுவிட்டு, ஏ2டிஸ்மொட் பிஎச்பி7.4, ஏ2என்மொட் பிஎச்பி8.1, இரண்டையும் சூடோவோடு கொடுத்து அப்பாச்சியை ரீஸ்டார்ட் பண்ணுங்கள்.