மும்பையில் சிபாரிசு இல்லாத ஒரு தமிழர், தன் பகுதியின் தலைவராக வளர முடியுமா?

முடியும், ஆனால் மேடையிலிருந்து தொடங்காது. கேப்டன் தமிழ்ச்செல்வனையே பாருங்கள், புதுக்கோட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்து, சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் பார்சல் வேலை பார்த்து, 2008 நவம்பர் 26 பயங்கரவாதத் தாக்குதலில் அடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஓடி, 2014-ல் மும்பையின் சயான் கோலிவாடா தொகுதி எம்.எல்.ஏ. ஆனவர். அவர் கட்சி பாஜக. பிடிக்காவிட்டாலும் வந்த வழியைக் கவனியுங்கள்.

தாராவியில் ஆட்கள் தேடி வருவது ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, குழாயில் தண்ணீர் வராததற்கு மனு எழுத, சயான் ஆஸ்பத்திரியில் ராத்திரி கூட நிற்க. அதனால் முதலில் மராத்தி, பேசினால் மட்டும் போதாது, எழுதவும் வர வேண்டும். வார்டு ஆபீசில் மனு கொடுத்தால் முத்திரை குத்திய நகலை வாங்கி வையுங்கள், ரெண்டு வாரம் கழித்து அதே நகலோடு போய் நில்லுங்கள், பாதிப் பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அப்புறம், கோயில் வசூல் கணக்கை யாரும் கேட்கும் முன்பே சுவரில் ஒட்டிவிடுங்கள். தேர்தல் சீட்டெல்லாம் அதற்குப் பிறகு யோசிக்கலாம்.