கடைசி எண் மட்டும் ஏன் மாறுகிறது?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஆயத்தொலை வடிவியலில் இணைகோடு வந்தாலே தகராறு. ‘3எக்ஸ் − 4ஒய் + 7 = 0 என்ற கோட்டுக்கு இணையாக, (5, −2) என்ற புள்ளி வழியாகச் செல்லும் கோட்டின் சமன்பாடு காண்க’ என்ற கணக்குக்கு 3எக்ஸ் − 4ஒய் − 7 = 0 என்று எழுதி மார்க்கை விட்டுவிட்டாள். கடைசி எண்ணை எடுத்துவிட்டு ‘கே’ போடு என்று டியூஷனில் சொன்னார்களாம். ஏன் அது மட்டும் மாறுகிறது என்று என்னைக் கேட்கிறாள், எனக்கும் தெரியவில்லை.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் மார்க் எங்கே போனது என்று பார்த்துவிடலாம். முறையில் தப்பே இல்லை. 3எக்ஸ் − 4ஒய் + கே = 0 என்று எழுதி, எக்ஸுக்கு 5, ஒய்க்கு −2 போட்டிருப்பாள். 3 × 5 = 15, சரி. அடுத்து −4ஐ −2ஆல் பெருக்கினால் +8, அவள் −8 என்று எழுதியிருக்கிறாள், அப்படி எழுதினால்தான் கே = −7 வரும். ஒழுங்காகப் போட்டால் 15 + 8 + கே = 0, கே = −23. விடை 3எக்ஸ் − 4ஒய் − 23 = 0.

சரி, ஏன் கடைசி எண் மட்டும்? ஜியோமெட்ரி பாக்ஸை எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கேலை அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதன் ஓரமாக மூலைமட்டத்தை நகர்த்தி நகர்த்தி இணைகோடு வரைவோமே, அப்போது மூலைமட்டம் கொஞ்சமும் திரும்பாது, இடம்தான் மாறும். சமன்பாட்டிலும் அதே கதைதான். கோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை 3, −4 இரண்டுமே முடிவுசெய்துவிடுகின்றன (சாய்வு 3/4), அதில் 7க்குப் பங்கே கிடையாது, கோடு எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் அதன் பொறுப்பு. அதை மாற்றினால் கோடு திரும்பாமல் நகரும்.

சாய்வைக் கண்டுபிடித்து, ஒய் + 2 = 3/4 (எக்ஸ் − 5) என்று போனாலும் இதே விடைதான், நடுவில் பின்னம் வந்து படுத்தும், அவ்வளவுதான். ஆனால் எக்ஸ் = 4 மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும் கோட்டைக் கொடுத்தால் சாய்வே கிடையாது, அந்த வழி அங்கே முட்டிக்கொள்ளும். கே வழியில் (−3, 5)க்கு எக்ஸ் = −3 என்று ஒரு நொடியில் எழுதிவிடலாம்.

ஒருவேளை கே = 7 என்றே வந்தால்? கொடுத்த புள்ளி அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது என்று அர்த்தம், (−1, 1)ஐப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், செங்குத்துக் கோடு கேட்டால் இதையே எழுதிவிடப் போகிறாள். அங்கே கெழுக்கள் இரண்டும் இடம் மாறி, ஒன்றின் குறியும் மாறும்: 4எக்ஸ் + 3ஒய் + கே = 0. அதே (5, −2)க்கு கே = −14 வரவேண்டும், இந்தத் தடவை அந்த மைனஸ் 2ஐ மட்டும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.