டோன்ஆர்ம் தொட்டியில் என்ன எண்ணெய் ஊற்றுவது?

கேள்வி: எஸ்எம்இ 3009 சீரிஸ் III டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) பொருத்திய பழைய டர்ன்டேபிள் (ரெக்கார்டு பிளேயர்) ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஆர்மின் பிவட் (அது சுழலும் அச்சு) பக்கத்தில் குட்டியாக ஒரு தொட்டி இருக்கிறது, அதற்குள் ஒரு துடுப்பு இறங்கி நிற்கிறது. தொட்டி முக்கால்வாசி காலி, அடியில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஏதோ இருக்கிறது. தையல் மெஷின் எண்ணெய் ஊற்றலாமா? லீவரை இறக்கினால் ஊசி பொத்தென்று தட்டில் விழுவதும் இதனால்தானா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: லீவர் கதை வேறு. ஆர்மைத் தூக்கி இறக்கும் குட்டித் தண்டுக்குள் தனியாக ஒரு சிலிக்கோன் பூச்சு இருக்கும். அது வற்றிப்போனால் ஊசி பொத்தென்று விழும். தண்டைக் கழற்றித் துடைத்து, கெட்டியான சிலிக்கோனைப் பூசினால் சரியாகிவிடும். அதுவரை லீவரைத் தொடாதீர்கள், ஊசி போய்விடும்.

தொட்டிக்குத் தையல் மெஷின் எண்ணெய் வேண்டவே வேண்டாம். கெட்டியான திரவத்துக்குள் துடுப்பு நகர்ந்து, ஆர்மின் வேண்டாத ஆட்டத்தைத் தணிக்கத்தான் அந்தத் தொட்டி. தண்ணீரின் பிசுப்பு 1 என்றால் இந்த மாதிரித் தொட்டிகளுக்கான சிலிக்கோன் திரவத்துக்குப் பல்லாயிரம். பல்குத்தும் குச்சியில் தொட்டுத் தூக்கினால் பாகு போல நீளமாக நூல் இழுக்கும். ரிமோட் கார் ஓட்டுபவர்கள் டிஃபரன்ஷியலுக்குப் போடும் சிலிக்கோன் எண்ணெயும் இதே இனம்தான், எண் போட்டே விற்கிறார்கள்.

ஆனால் பழைய அழுக்கின் மேலேயே ஊற்றிவிடாதீர்கள். நான் அப்படி ஊற்றி, ஆர்ம் மந்தமாக நகர்வது திரவத்தாலா பேரிங் இறுகியதாலா என்று தெரியாமல் ஒரு வாரம் திண்டாடினேன். முதலில் தொட்டியை வழித்துத் துடையுங்கள். ஆல்கஹாலுக்கு சிலிக்கோன் அவ்வளவாகக் கரையாது. பெயின்ட் கடை டர்பன்டைனை பஞ்சில் தொட்டு, தொட்டிக்குள் மட்டும் துடைத்தால் போதும், ஆர்ம் பக்கமும் கார்ட்ரிட்ஜ் (ஆர்மின் நுனியில் ஊசி பொருந்திய பாகம்) பக்கமும் அது போகவே கூடாது. அப்புறம் துடுப்பை எடுத்துவிட்டு, தொட்டி காய்ந்திருக்கும்போதே ஆர்மை பேலன்ஸ் செய்து ஊசி அழுத்தம், ஆன்டி-ஸ்கேட்டிங் (ஆர்மை உள்பக்கம் இழுக்கும் விசையைச் சரிக்கட்டுவது) எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். லேசாக ஊதினாலே ஆர்ம் மிதந்து நகர வேண்டும், எங்காவது தயங்கினால் கோளாறு பேரிங்கில். திரவம் இருந்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இன்னொன்று, கார்ட்ரிட்ஜ் பொருத்தம். இந்த ஆர்மின் செயல் நிறை, அதாவது ஆர்ம் அசையும்போது ஊசி முனையில் உணரப்படும் நிறை, ஏறக்குறைய 5 கிராம்தான். கார்ட்ரிட்ஜும் திருகும் சேர்ந்து 7 கிராம், கம்ப்ளையன்ஸ் (ஊசி எவ்வளவு எளிதாக வளைந்துகொடுக்கும் என்ற எண்) 20 என்று வைத்தால் ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து இயல்பாக ஆடும் அதிர்வு 10 ஹெர்ட்ஸ் அருகில் வரும். வளைந்த தட்டின் ஆட்டத்துக்கு மேலே, இசைக்குக் கீழே, நல்ல இடம். டெனான் டிஎல்-103 மாதிரி விறைப்பான கார்ட்ரிட்ஜுக்கு இந்த ஆர்ம் தோதில்லை. அதிர்வு வேறு இடத்தில் வந்தால் திரவம் அதன் உச்சத்தைத் தணிக்குமே தவிர இடத்தை மாற்றாது.

இவ்வளவும் ஆன பிறகு ஊசி கழற்றிய சிரிஞ்சில் சிலிக்கோன் திரவத்தை எடுத்துத் தொட்டியில் மெதுவாக விடுங்கள், குமிழி அடங்க ஒரு இரவு ஆகட்டும். துடுப்பு பாதி முங்கினால் ஆரம்பத்துக்குப் போதும். வளைந்த ரெக்கார்டு ஒன்றைப் போட்டு, ஸ்பீக்கரின் பெரிய கோனைப் பாருங்கள்: முன்பு உள்ளேயும் வெளியேயும் அலைந்தது இப்போது அடங்கியிருக்க வேண்டும். பாட்டு மங்கலாக, உயிரில்லாமல் கேட்டால் திரவம் அதிகம். கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள், அல்லது சின்னத் துடுப்பு இருந்தால் அதை மாட்டிப் பாருங்கள். எப்போதாவது வீடு மாறினால் முதலில் தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் டர்ன்டேபிளைச் சாய்க்க வேண்டும்.