ஊர் திரும்பியும் மனசு ஒட்டவில்லையே!

கேள்வி: ஒன்றரை வருடம் வெளிநாட்டுக் கிராமம் ஒன்றின் பள்ளியில் தன்னார்வலராகப் பாடம் நடத்திவிட்டு, மூன்று மாதங்களுக்கு முன் வீடு திரும்பினேன். பழைய அலுவலகத்திலேயே சேர்ந்துவிட்டேன். ஆனால், எதிலும் மனசு ஒட்டவில்லை. திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று தோழிகள் அரை மணி நேரம் பேசினால் எரிச்சல் வருகிறது. 'அங்கே அப்படி, இங்கே இப்படினு மறுபடி ஆரம்பிக்காதே' என்கிறார் கணவர். போன வாரம் இரண்டு நாள் குளிர்க்காய்ச்சல் வேறு. திரும்பவும் கிளம்பிவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்தக் காய்ச்சல். நீங்கள் இருந்த பக்கம் மலேரியா உண்டென்றால் இன்றே டாக்டரிடம் போங்கள். எந்த நாட்டில், எத்தனை மாதம் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லி, ரத்தப் பரிசோதனை கேளுங்கள். 'அதான் விட்டுவிட்டதே' என்று இருந்துவிட வேண்டாம். வைவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி கல்லீரலில் மாதக்கணக்கில் பதுங்கியிருந்துவிட்டு அப்புறம் கிளம்பும். தடுப்பு மாத்திரையை ஒழுங்காகப் போட்டவர்களையும் அது விடுவதில்லை.

சரி, மனசுக்கு வருவோம். நானும் இப்படி இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவள்தான். அங்கே மின்சாரம் மாலையில் இரண்டு மணி நேரம். வீட்டுக்கு வந்த பிறகும் பிளக் பாயின்ட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. போன், டார்ச், பவர் பேங்க் என்று எல்லாவற்றையும் செருகிவிடுவேன். 'கரண்ட் எங்கேயும் ஓடிப்போகாதுடி' என்று அக்கா சிரித்தாள். எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் வந்ததில்லை. வெளிநாடு போனவர்களின் மனநிலை முதலில் உற்சாகம், பிறகு சரிவு, அப்புறம் நிமிர்வு என்று 'யு' எழுத்துப் போலப் போகிறது என்று 1955-ல் நார்வே சமூகவியலாளர் லிஸ்கார்ட் எழுதினார். ஊர் திரும்பியதும் இன்னொரு சரிவு உண்டு, ஆகவே அது 'டபிள்யூ' என்று 1963-ல் அமெரிக்க ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதி சேர்த்துக்கொண்டார்கள். நீங்கள் இப்போது அந்த இரண்டாவது பள்ளத்தில் நிற்கிறீர்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அங்கே நீங்கள் ஒரு நாள் வராவிட்டால் ஒரு வகுப்பே வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இங்கே லீவு போட்டால் பக்கத்து சீட்காரர் உங்கள் மெயிலையும் சேர்த்துப் பார்த்துவிடுவார். வலிப்பது இதுதானோ? எனக்கு இதுதான். ஒப்புக்கொள்ளத்தான் வெகுநாள் ஆனது. உங்கள் இடத்துக்கு உள்ளூர் ஆசிரியர் ஒருவர் வந்துவிட்டார், நன்றாகவும் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் போகத் தோன்றினால், தாராளமாக விண்ணப்பியுங்கள். ஆனால் இந்த மாதம் வேண்டாம்.

கணவர் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம்தான். 'அங்கே இருக்கிறவர்கள்...' என்று நீங்கள் தொடங்கினாலே அவர் காதில் அது குற்றப்பத்திரிகையாக விழும். ஒப்பிடாமல், ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி, ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். நானூறு படத்தையும் காட்ட வேண்டாம், பத்து போதும். மிச்சத்தை உங்களைப் போலவே போய்வந்த யாரிடமாவது விடிய விடியப் பேசுங்கள்.

நான் ஊர் திரும்பிய எட்டாவது மாதம் ஒரு காலையில் என் போன் செத்துக் கிடந்தது. ராத்திரி சார்ஜ் போட மறந்திருக்கிறேன். அலுவலகத்துக்குத் தாமதம் என்று சொல்ல அக்காவின் போனைத்தான் கடன் வாங்கினேன்.