ஏரிக்கரை விருந்தோம்பலும் 8,400 பிராங்க் கடனட்டை நிலுவையும்

கேள்வி: நான் பேர்ண் நகரில் மனைவியுடனும் 9, 12 வயதுப் பிள்ளைகளுடனும் வசிக்கிறேன். எனக்கு உணவகச் சமையலறையில் வேலை, மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. கோடை தொடங்கினால் பரிஸ், இலண்டன், டொரொன்டோ என்று உறவினர்கள் வந்துவிடுகிறார்கள். சென்ற ஆண்டு மூன்று குடும்பங்கள் வந்தன. அவர்களைத் தூண் ஏரிக்கும் பிரியன்ஸ் ஏரிக்கும் ஓஷினன் ஏரிக்கும் அழைத்துச் சென்றதில், ஒரு குடும்பத்துக்குச் சுமார் 1,300 பிராங்க் கடனட்டையில் ஏறியது. இப்போது நிலுவை 8,400 பிராங்க். வட்டி 12 சதவீதம். மாதம் 300 கட்டுகிறேன். ஜூலையில் அக்காவும் அத்தானும் வளர்ந்த பிள்ளைகள் இருவருடன் வருகிறார்கள். 9 சதவீத வட்டிக்கு 12,000 பிராங்க் தனிநபர் கடன் எடுத்து அட்டையை அடைத்துவிட்டு, மிச்சத்தை இந்தக் கோடைக்கு வைத்துக்கொள்ளலாமா? ஏழு பேர் அமரும் வாகனம் ஒன்றை மாதம் 480 பிராங்குக்கு லீசிங்கில் (நீண்டகால வாடகையில்) எடுக்கும்படி நண்பர் ஒருவரும் சொல்கிறார். கடனட்டைக் கணக்கு விபரத்தை இணைத்துள்ளேன்.

பதில்: வட்டி குறைந்த கடனால் வட்டி கூடிய கடனை அடைப்பது நல்லது என்பது உங்களுக்கே தெரியும், ஆகவே அதை நான் விளக்கப் போவதில்லை. ஆனால் அந்த மாற்றத்தால் உங்களுக்குக் கிடைப்பது எவ்வளவு என்று நீங்கள் கணக்குப் பார்க்கவில்லை. 8,400 பிராங்கை 12 சதவீதத்தில், புதிதாக எதுவும் ஏற்றாமல், மாதம் 300 வீதம் கட்டினால் ஏறத்தாழ 33 மாதங்களில் முடியும். அதே தொகையை 9 சதவீதத்துக்கு மாற்றி அதே 300 கட்டினால் முப்பத்தொன்றரை மாதங்களில் முடியும். இவ்வளவு பத்திரங்களில் கையெழுத்திட்டு நீங்கள் மிச்சம் பிடிப்பது ஒன்றரை மாதத் தவணை, அதாவது ஏறக்குறைய 450 பிராங்க். மறுபக்கம், சென்ற கோடையைப் போல் இன்னொரு கோடை வந்தால் 3,900 பிராங்க் ஏறும். அது பதின்மூன்று மாதத் தவணைக்குச் சமம்.

உங்களைக் கடனில் வைத்திருப்பது வட்டி விகிதமன்று. வரும் விருந்தினர் அனைவருடைய செலவையும் நீங்களே ஏற்று, அதை அந்த இடத்திலேயே அட்டையில் தேய்த்துவிட்டு, மாதாமாதம் சிறு தவணையாகக் கட்டும் பழக்கமே காரணம். ஆண்டுக்கு 3,600 கட்டுகிறீர்கள்; அதில் சுமார் 850 வட்டிக்குப் போகிறது; அசலில் கழிவது 2,750 மட்டுமே. அதற்கு மேல் 3,900 புதிதாக ஏறினால், இவ்வளவு கட்டியும் ஆண்டுக்கு 1,150 பிராங்க் கடன் கூடுகிறது. இந்த நிலையில் 12,000 கடன் எடுத்தால், 36 மாதங்களில் அடைப்பதாக வைத்துக்கொண்டாலும், மாதத் தவணை 380 ஆகும். அட்டையோ வெறுமையாகி அடுத்த விருந்தினருக்காகக் காத்திருக்கும். அட்டையை அடைத்தபின் கடனில் மிஞ்சும் 3,600 பிராங்கை நீங்கள் தொடவே கூடாது.

வாகன யோசனையை நான் சற்றும் ஏற்கவில்லை. வருபவர்கள் நால்வர், நீங்கள் நால்வர்; ஏழு இருக்கைகளில் எட்டுப் பேரை எப்படி அமர்த்துவீர்கள்? ஆண்டுக்கு 5,760 பிராங்க் கொடுத்து, கோடையில் பன்னிரண்டு நாள் ஏரிக்குப் போனால் ஒரு நாளுக்கு 480 விழுகிறது. லீசிங் ஒப்பந்தம் வழக்கமாகக் கேட்கும் முழுக் காப்புறுதி இதில் சேரவில்லை.

உங்கள் கணக்கு விபரத்தில் இரண்டு வரிகளை நான் அடிக்கோடிட்டேன். ஒன்று, கப்பல் உணவகத்தில் 212 பிராங்க். மற்றொன்று, பிரியன்ஸ் ஏரிக்கரை ஊரான இசெல்ட்வால்டில் 40 பிராங்க். கொரியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றால் பெயர் பெற்ற அங்குள்ள சிறு மரப் படகுத்துறையில் நின்று படம் எடுக்க, 2023 முதல் சுழல் கதவு வைத்து ஆளுக்கு 5 பிராங்க் வாங்குகிறார்கள். எட்டுப் பேருக்கும் நீங்களே கட்டியிருக்கிறீர்கள். பத்தடி தள்ளி நின்றாலும் பிரியன்ஸ் ஏரி அதே பச்சை நீலந்தான். பனியாறுகள் அரைத்த பாறைத்தூளை ஆறுகள் கொண்டுவந்து சேர்ப்பதால் வரும் அந்த நிறத்தைக் கரையில் எங்கிருந்தும் காணலாம். விருந்தினர் கேட்டதற்கெல்லாம் உடனே அட்டையை நீட்டும் உங்கள் கையைப் பற்றியே எனக்குக் கவலை.

நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து இந்த ஏரிகளைக் காண இவ்வளவு செலவாக வேண்டியதில்லை. பங்கேற்கும் நகர, ஊராட்சி அலுவலகங்கள் 2024 முதல் விற்கும் சிக்கனப் பகலட்டையை (ஒரு நாள் முழுதும் ரயிலிலும் கப்பலிலும் செல்லும் சீட்டு), பத்து நாள்களுக்கு முன்னரே, ஒதுக்கீடு தீருமுன் வாங்கினால், அரைக்கட்டண அட்டை உள்ளவருக்கு 39 பிராங்க், இல்லாதவருக்கு 52 பிராங்க். பிந்தினால் அதுவே 59, 88 ஆகிவிடும். உங்கள் பிள்ளைகள் ஆண்டுக்கு 30 பிராங்க் விலையுள்ள ஜூனியர் அட்டையுடன் பெற்றோரோடு இலவசமாக வரலாம். நீங்களும் மனைவியும் அரைக்கட்டண அட்டை வைத்திருப்பதாகக் கொண்டால் உங்கள் இருவருக்கும் 78, விருந்தினர் நால்வருக்கும் 208, ஆக மொத்தம் 286 பிராங்க். அந்த ஒரே அட்டையில் பேர்ணிலிருந்து இருபது நிமிடத்தில் தூண் போய், நிலையத்துக்கு அருகிலேயே கப்பல் ஏறி, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாக ஏரியில் மிதந்து இன்டர்லாக்கனில் இறங்கி, அங்கிருந்து பிரியன்ஸ் ஏரிக் கப்பலிலும் போகலாம். சோற்றுப் பொதியை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொரு நாளுக்குத் தூண் ஏரிக்கரை ஊரான ஸ்பீட்ஸ் போதும். ரயிலில் அரை மணி நேரம். அங்கிருந்து பௌலன்சே வரை ஏரியை ஒட்டிய தட்டையான நடைபாதையில் வயதானவர்களும் நடக்கலாம். அதற்குப் பகலட்டை வேண்டாம். உங்கள் இருவருக்கும் அரைக்கட்டணப் பயணச்சீட்டே மலிவு. 1,578 மீட்டர் உயரத்தில் உள்ள ஓஷினன் ஏரிக்குக் கண்டர்ஸ்டெக்கிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஏறினால் போதும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் தொங்கு வண்டிக்குச் சீட்டு எடுங்கள். யுங்பிரவ்யோக் மலை ரயில் பயணத்தை உங்கள் செலவில் இனி ஒருவருக்கும் ஏற்காதீர்கள். முழுக் கட்டணத்தில் அது ஆளுக்கு 200 பிராங்கைத் தாண்டும்.

கடினமான வேலை அத்தானிடம் பேசுவதுதான் என்று எனக்குத் தெரியும். சுவிஸ் சம்பளம் என்றாலே அள்ளிக் கொடுக்கலாம் என்று வெளியில் இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். இங்குள்ள வாடகையும் மருத்துவக் காப்புறுதிக் கட்டணமும் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர்கள் ரயில் ஏறுவதற்கு முன்பே, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாமல், அவருக்குத் தனியாக இப்படி எழுதுங்கள்: “அத்தான், தங்கிறதும் சாப்பாடும் எங்கட வீட்டில. ஏரிக்குப் போற நாளுக்கு உங்கள் நாலு பேருக்கும் பகலட்டை 208 பிராங்க். பத்து நாளுக்கு முன்னம் எடுத்தால்தான் இந்த விலை, அதால காசை இந்தக் கிழமை அனுப்பிவிடுங்கோ, நான் எடுத்து வைக்கிறன்.” விலையையும் நாளையும் முன்கூட்டியே சொன்னால் அவர் அதைத் திட்டமிடலாகத்தான் எடுத்துக்கொள்வார். படகுத்துறையில் நின்று சொன்னால்தான் இருவருக்கும் மனக்கசப்பு வரும்.

விருந்தினர் செலவுக்கென்று மாதம் 40 பிராங்கைத் தனிக் கணக்கில் போடுங்கள். ஆண்டுக்கு 480 சேரும். அந்தக் கணக்கு தீர்ந்தால் அந்தக் கோடையின் ஏரிப் பயணமும் முடிந்தது. கடனட்டையின் உச்சவரம்பை 8,400 ஆக இறக்கும்படி வங்கிக்கு எழுதி, நிலுவை குறையக் குறைய வரம்பையும் குறைத்துக்கொண்டே வாருங்கள். அட்டையை வீட்டில் வைத்துவிட்டு ஏரிக்குப் போங்கள். 300 பிராங்க் தவணையை நிறுத்த வேண்டாம். தனிநபர் கடன் ஒப்பந்தத்தில் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால், உங்கள் பிரதி கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாள்களுக்குள் எழுத்து மூலம் விலகிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.